டிஐ களப்பணி: ஆளுக்கு எத்தனை ஊசி, திரும்ப வாங்குறது எப்படி, போலீஸ் தொல்லை

களம்_புதுசு:

வணக்கம். வட சென்னையில ஊசி போட்டு போதை எடுக்கிறவங்களுக்கான டிஐ ப்ராஜெக்ட்ல, அதாவது எச்ஐவி பரவாம இருக்கப் புது ஊசி கொடுக்கிற திட்டத்துல, ஓஆர்டபிள்யூ (களப்பணியாளர்) வேலை. பயிற்சியில சொன்னதெல்லாம் நோட்டுல இருக்கு, தெருவுல இறங்குனா கணக்கு இடிக்குது.

ஒரு பியருக்குக் கீழ (அவங்கள்ல இருந்தே வந்து எங்களோட வேலை செய்யறவர்) 40 பேர். வாரத்துக்கு 440 சிரிஞ்சு கைக்கு வருது. யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு ஆளுக்கு 11 கொடுக்கிறோம். அப்படியும் வியாழக்கிழமைக்குள்ள சில பேர்கிட்ட தீர்ந்துடுது, வேற சில பேர் வீட்டுல பிரிக்காமலே கிடக்குது. எங்க தப்பு?

ரெண்டாவது, பழைய ஊசி கொண்டு வந்தாத்தான் புதுசுன்னு சொல்லலாமா? ரோட்டுல ஊசி கிடக்குதுன்னு ஏரியாக்காரங்க சத்தம் போடுறாங்க. மூணாவது, ஊசியோட பையைத் தூக்கிட்டுப் போகும்போது பீட் போலீஸ் நிறுத்தினா என்ன காட்டணும்? கடைசியா, எச்ஐவி சோதனை பண்ற நம்பிக்கை மையம்னு பேச்செடுத்தாலே ஆளுங்க நழுவிடுறாங்க. எதைச் சொல்லிக் கூட்டிட்டுப் போறது?

பழைய_ரூட்:

தம்பி, உங்க தப்பு ஸ்டாக்குல இல்ல, பங்கு பிரிக்கிறதுல. தலையை எண்ணாதீங்க, குத்துற தடவையை எண்ணுங்க.

உங்க 40 பேரையே எடுத்துக்குவோம். அதுல 15 பேர் தினம் மூணு வேளை போடுறவங்கன்னு வைங்க. வாரத்துக்கு 315. இன்னொரு 15 பேர் தினம் ஒரு தடவை, அது 105. மீதி 10 பேர் சம்பள நாள், லீவு நாள்னு வாரத்துக்கு ரெண்டு தடவை, அது 20. கூட்டினா சரியா 440. அலுவலகத்துல உக்காந்து பாத்தா எல்லாருக்கும் போதுமான ஸ்டாக். ஆனா 11, 11ன்னு பிரிச்சதும் மூணு வேளைக்காரனுக்கு 21 தேவைப்படுற இடத்துல 10 குறையுது. அவனை மாதிரி 15 பேர். ஆக வாரத்துக்கு 150 குத்து பழைய ஊசியிலயோ அடுத்தவன் ஊசியிலயோ நடக்குது. ரெண்டு தடவைக்காரன் வீட்டுல 9 ஊசி சும்மா கிடக்குது. எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ரெண்டும் பரவுறது அந்த 150லதான். மாச ரிப்போர்ட்ல இது தெரியவே தெரியாது, ஏன்னா ரிப்போர்ட்டு கேக்கிறது எத்தனை ஊசி கொடுத்தீங்க, எத்தனை திரும்ப வந்ததுன்னுதான்.

இன்னொண்ணு. தினம் மூணு தடவைன்னு ஒருத்தர் சொன்னா மூணு ஊசி போதும்னு எழுதிடாதீங்க. வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு நரம்பு கிடைக்காது. ஒரு குத்துக்கு ரெண்டு மூணு தடவை தேடுவாங்க. ஒரு தடவை தோலுக்குள்ள போனதுமே முனை மழுங்க ஆரம்பிச்சிடும், உள்ள ரத்தம் கட்டினா அடைச்சுக்கும். அப்ப பக்கத்துல இருக்கிறவன் கையில உள்ளதுதான் கிடைக்கும். நரம்பு கெட்டவங்களுக்குக் கணக்குக்கு மேல மூணுல ஒரு பங்கு சேத்துக் கொடுங்க. உலக அளவுல 2030க்கு வச்சிருக்கிற இலக்கு ஆளுக்கு வருஷம் 300 ஊசி. கேக்க நிறைய மாதிரி இருக்கும். தினம் மூணு தடவை போடுறவனுக்கு வருஷத்துக்கு 1,095 வேணும். 300ங்கிறது சராசரிதான், ரேஷன் அளவு இல்ல.

இந்தக் கணக்கை எப்படி எடுக்கிறது? "எத்தனை தடவை போடுவீங்க"ன்னு நேராக் கேட்டா குறைச்சுத்தான் சொல்வாங்க. "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சு நாளை நடத்திக் கூட்டிட்டுப் போங்க. எந்திரிச்சதும் ஒண்ணு, வேலைக்கு நடுவுல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு தானா வரும். அப்புறம் போன சனிக்கிழமையைக் கேளுங்க, ஏன்னா கூலி கைக்கு வர்ற நாள் வேற மாதிரி இருக்கும். மூணு மாசத்துக்கு ஒருதடவை இதைத் திருப்பி எடுங்க. ஜெயிலுக்குப் போனவன், மீன்பிடி போட்டுல போனவன், ஓஎஸ்டியில (ஊசிக்குப் பதிலா நாக்குக்கு அடியில மாற்று மருந்து கொடுக்கிற சிகிச்சை) சேந்தவன்னு ஆளுங்க மாறிக்கிட்டே இருப்பாங்க.

நேரம்தான் அடுத்த விஷயம். ராத்திரி போட்டது காலையில இறங்கியிருக்கும். மூக்கு ஒழுகும், உடம்பு முறிக்கும், வயித்தைக் கலக்கும். அந்த நேரத்துல சரக்கு கையில வந்தா ஊசிக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க. நீங்க பத்து மணிக்கு சட்டையை இன் பண்ணிட்டுப் போய் நின்னா காலை ஊசி எப்பவோ முடிஞ்சிருக்கும். ஆறுல இருந்து எட்டுக்குள்ள ஒரு ரவுண்டு, சாயங்காலம் அஞ்சுக்கு மேல ஒண்ணு. சரக்குக்கு முன்னாடி ஊசி போய்ச் சேரணும்.

440 சிரிஞ்சையும் பையில தூக்கிட்டு அலைய முடியாது. 40, 50 போதும். மீதியை ஆளுங்க கூடி ஊசி போடுற ஸ்பாட்டுக்குப் பக்கத்துல நம்பகமான ரெண்டு மூணு கையில வச்சிடுங்க, பியரோட வீடு, டீக்கடைன்னு எதுவானாலும் சரி. தனக்கு மட்டுமில்லாம கூட்டாளிக்கும் சேத்து வாங்கிட்டுப் போறவனைத் தடுக்காதீங்க. நம்ம முன்னாடி வரவே வராத பெண்களுக்கும் வீட்டுக்குள்ளயே போட்டுக்கிறவங்களுக்கும் அவன் வழியாத்தான் போய்ச் சேரும். கேட்டா ரெண்டாங்கை, அதாவது இன்னொருத்தர் கை வழியாப் போனதுன்னு குறிச்சுக்குங்க, பேர் கேக்காதீங்க.

பையில சிரிஞ்சோட என்ன இருக்கணும்னா: ஆல்கஹால் ஸ்வாப், சுத்தமான பஞ்சு, சின்ன சின்ன ஆம்பூல்ல வர்ற டிஸ்டில்ட் வாட்டர், பேண்டேஜ், காண்டம், கெட்டியான மூடி போட்ட ஷார்ப்ஸ் டப்பா, நீளமான இடுக்கி, தடிமனான கிளவுஸ். நோட்டை ஸ்பாட்ல வெளிய எடுக்காதீங்க. போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க. யாராவது பொட்டலத்தை நீட்டி "அண்ணா அஞ்சு நிமிஷம் வச்சிருங்க"ன்னா கை நீட்டாதீங்க. அது உங்க பையில இருக்கிற வரைக்கும் உங்க சரக்கு.

மூடி_டப்பா:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். திரும்ப வாங்குவதைப் பற்றி அவர் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஒன்றுக்கு ஒன்று என்று கறாராக நிற்காதீர்கள். பழைய ஊசியோடு நடந்து வருபவர் போலீஸ் கையில் சிக்கினால் சட்டைப் பையில் ரத்தக் கறையோடு சிரிஞ்சு இருக்கும். அந்தப் பயத்தில் அவர் ஊசியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு வெறுங்கையோடு வருகிறார். நீங்கள் புதியது இல்லை என்கிறீர்கள். அன்று இரவே ஓர் ஊசியில் இரண்டு பேர். 1984இல் ஆம்ஸ்டர்டாமில் போதை எடுப்பவர்களே சங்கம் வைத்து ஊசி மாற்றும் வேலையைத் தொடங்கியபோது நோக்கம் ஹெபடைடிஸ் பி தொற்றைத் தடுப்பது. பழைய ஊசியை வாங்குவது அதற்குத் துணையான வேலை. இங்கே சில ப்ராஜெக்டுகளில் துணை வேலை தலைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அதற்காகத் திரும்ப வாங்குவதை விட்டுவிடவும் கூடாது. ஏரியாக்காரர்கள் சத்தம் போடுவதில் நியாயம் இருக்கிறது. குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர் கையில் குத்தினால் உங்கள் ப்ராஜெக்ட் அந்த வார்டில் அதோடு முடிந்தது. ஆளுக்கு ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா கொடுங்கள். தண்ணீர் பாட்டில் ஆகாது, பக்கவாட்டில் ஊசி துளைத்து வெளியே வரும். துணி சோப்புத் திரவம் வரும் தடித்த பாட்டில் பரவாயில்லை. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, டேப் சுற்றி வாங்கிவிடுங்கள். அவர் ஊசியை அவரே டப்பாவில் போடட்டும், நீங்கள் கையில் வாங்கிப் போடாதீர்கள். மூடியை ஊசிமேல் திரும்பச் செருகவே கூடாது, பல தடவை குத்துப்படுவது அந்த நேரத்தில்தான். வாரம் ஒரு காலை, ஸ்பாட்டில் கிடப்பதை இடுக்கியால் பொறுக்குங்கள். ஏரியா ஆட்கள் பார்க்கிற நேரத்தில் பொறுக்குங்கள்.

ரிப்போர்ட்டுக்காக யாரும் கொட்டி எண்ண வேண்டாம். காலி டப்பாவின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், நிரம்பியதும் எடை போடுங்கள், ஒரு சிரிஞ்சின் எடையால் வகுத்தால் எண்ணிக்கை வந்துவிடும். ஆட்கள் வந்து போகும் நம் ட்ராப் இன் சென்டரில் சேரும் ஊசி 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி துளைபடாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் தேக்காமல் மருத்துவக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டிக்குக் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். மாநகராட்சிக் குப்பை வண்டியில் கலப்பது குற்றம்.

செவிலி_அக்கா:

நான்காவது கேள்விக்கு என் பதில்: நம்பிக்கை மையத்தைப் பற்றி முதல் நாளே பேசாதீர்கள். புண்ணைப் பற்றிக் கேளுங்கள். ஊசி போடுகிறவர் கையில் காலில் எங்காவது ஒரு சீழ்க்கட்டி இருக்கும். அரசு மருத்துவமனை வரிசையில் அதைக் காட்டினால் என்ன பேச்சு விழும் என்று தெரிந்துதான் மறைத்து வைத்திருப்பார். அதற்குக் கட்டுப் போடுகிற இடத்துக்கு அவர் தானாக வருவார், தினமும் வருவார். மூன்றாவது நாள் கட்டுப் பிரிக்கும்போது ரத்தப் பரிசோதனையைப் பற்றி அவரே கேட்பார்.

புண்ணை நார்மல் சலைன் ஊற்றிக் கழுவுங்கள். ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ திறந்த புண்ணுக்குள் ஊற்றாதீர்கள், ஆறுகிற சதையையும் அது சேர்த்து எரிக்கும். கெட்டியாகச் சிவந்து, இன்னும் பழுக்காமல் இருந்தால் வெந்நீர் ஒத்தடம். யாரையும் பிதுக்க விடாதீர்கள். காய்ச்சல், புண்ணிலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, தொடை இடுக்கில் போட்ட இடத்தில் வீக்கம், துடிக்கிற கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் ட்ராப் இன் சென்டரில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். துடிக்கிற கட்டியை யாராவது கீறிவிட்டால் அது தமனியாக இருக்கும், ரத்தத்தை நிறுத்த முடியாது. விரல்கள் வெளுத்து நீலம் பாய்ந்தால் தமனிக்குள் மருந்து போயிருக்கிறது. அன்றே போகாவிட்டால் விரல் போய்விடும்.

பரிசோதனைக்கு வருவோம். களத்தில் விரல் நுனியில் குத்தி எடுக்கும் சோதனை முதல் சல்லடை மட்டும்தான். அதில் ரியாக்டிவ் என்று வந்தால் அவருக்கு எச்ஐவி என்று சொல்லிவிடாதீர்கள். நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு கிட்டுகளில் பார்த்து உறுதி செய்வார்கள். தொற்றும் வாய்ப்பு நேர்ந்து மூன்று மாதம் ஆகாதவருக்கு நெகடிவ் வந்தால் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மற்றவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பாசிடிவ் என்றால் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கைக்காகக் காத்திருந்த காலம் 2017இலேயே போய்விட்டது, இப்போது கண்டதும் ஏஆர்டி என்ற எச்ஐவி மருந்து. தினம் ஒரே மாத்திரை, டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அதிலேயே இருக்கின்றன. தெருவில் படுப்பவரால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட முடியாது என்று சிலர் தாங்களே தீர்மானித்து அனுப்பாமல் விடுகிறார்கள். ஓஎஸ்டிக்கு தினம் வருகிறவருக்கு அங்கேயே ஏஆர்டி மாத்திரையையும் கையில் கொடுத்தால் ஒழுங்காகச் சாப்பிடுவார்.

ஒவ்வொரு சந்திப்பிலும் இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்வை இந்த நான்கையும் கேளுங்கள். காசநோய் இருந்து ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. கூடுதலாக ஒருவேளை சேர்க்க வேண்டும், இதை ஏஆர்டி மையத்துக்குத் தெரியப்படுத்துங்கள். ஹெபடைடிஸ் சி சோதனையையும் விடாதீர்கள். 2018இல் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சித் திட்டத்தில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. கல்லீரல் சுருங்காதவருக்கு சோஃபோஸ்புவிர், டக்லடாஸ்விர் 12 வாரம் போதும், பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும். இங்கே பலர் எச்ஐவியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

ஊசியைப் பகிராவிட்டாலும் தொற்று வரும் வழி ஒன்று உண்டு, அதை எல்லோருக்கும் விளக்குங்கள். இரண்டு பேர் காசு சேர்த்து வாங்குகிறார்கள். ஒருவர் தன் சிரிஞ்சில் கரைசலை எடுத்து, கோடு பார்த்து, பாதியை மற்றவரின் சிரிஞ்சுக்குள் பின்பக்கமாகத் தள்ளுகிறார். ஆளுக்கு ஒரு ஊசி வைத்திருக்கிறோம், பகிரவில்லை என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். முதல் சிரிஞ்சு பழையது என்றால் அதில் தங்கிய ரத்தம் இரண்டாமவருக்குப் போயாயிற்று. பொதுக் கிண்ணம், பொதுத் தண்ணீர், பொதுப் பஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கதிதான், அதிலும் ஹெபடைடிஸ் சி சிரிஞ்சுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பிரிப்பதற்கென்றே பிரிக்காத புது சிரிஞ்சு ஒன்று.

ப்ளீச் போட்டுக் கழுவுவது பற்றியும் கேட்பார்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும்: சுத்தத் தண்ணீர் நிறைத்துக் குலுக்கிக் கொட்டி, கலப்படமில்லாத ப்ளீச் நிறைத்து இரண்டு நிமிடம் விட்டுக் கொட்டி, வேறு புதுத் தண்ணீரில் அலச வேண்டும். முதலில் தண்ணீர் விடாவிட்டால் உறைந்த ரத்தத்தின் உள்ளே ப்ளீச் இறங்காது. எச்ஐவிக்கு ஓரளவு கேட்கும், ஹெபடைடிஸ் சிக்கு நம்ப முடியாது. புது ஊசிக்குப் பதிலாக இதைச் சொல்லிக்கொடுக்கிற ப்ராஜெக்ட் ஸ்டாக்கைச் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம்.

உங்களுக்கே ஊசி குத்திவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். பிஇபி என்ற எச்ஐவி தடுப்பு மருந்தின் முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, மொத்தம் 28 நாள். பாசிடிவ் ஆளின் ஊசி குத்தி எச்ஐவி வருவது ஆயிரத்தில் மூன்று தடவை. ஹெபடைடிஸ் பி அதைவிடப் பல மடங்கு. 0, 1, 6 மாதம் என்று மூன்று தடுப்பூசியையும் போடாத யாரையும் களத்துக்கு அனுப்பக் கூடாது. நீங்கள் போட்டாயிற்றா?

களம்_புதுசு:

ரெண்டு டோஸ் போட்டாச்சு அக்கா, மூணாவது பாக்கி. ரொம்ப நன்றி எல்லாருக்கும்.

இன்னொரு சிக்கல். 20, 22 வயசுப் பசங்க வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில போடுறாங்க. "நாங்க ஊசிப் பார்ட்டி இல்ல, சும்மா டேப்லெட்"னு சொல்லி லிஸ்டுக்குள்ளயே வர மாட்டேங்கிறாங்க. நாங்க கொடுக்கிற 1 மி.லி. இன்சுலின் சிரிஞ்சையும் தொட மாட்டேங்கிறாங்க.

பழைய_ரூட்:

அவங்க தொடாததுக்குக் காரணம் திமிர் இல்ல தம்பி, அளவு. மாத்திரைக் கரைசல் அதிகம், 1 மி.லி.க்குள்ள அடங்காது. அதனால மெடிக்கல்ல 2, 5 மி.லி. வாங்குறான். கடைக்காரர் ஒரு நாள் முறைச்சா அன்னைக்கு நாலு பேருக்கு ஒண்ணுதான். எந்த சைஸ் வேணும்னு கேட்டு இண்டென்ட்ல (ஸ்டாக் கேட்டு அனுப்புற தாள்) தனியா எழுதிப் போடுங்க. இன்சுலின் சிரிஞ்சுல ஊசி ஒட்டியே வரும், தள்ளினதுக்கப்புறம் உள்ள தங்குற ரத்தம் ரொம்பக் கம்மி. ஊசியைக் கழட்டி மாட்டுற பெரிய சிரிஞ்சுல நிறைய தங்கும். பகிர்ந்தா ஆபத்து அதிகம்கிறதால அவங்களுக்குத்தான் எண்ணிக்கை கூடுதலாப் போகணும்.

டேபென்டடால் மாதிரி மாத்திரை வாயில போடத்தான் செஞ்சது. அதுல டால்க்கும் மாவுப்பொருளும் இருக்கு, தண்ணியில கரையவே கரையாது. நரம்பை அடைக்கும், நுரையீரல்ல போய்த் தங்கும், மூச்சு வாங்கும். இந்தப் பசங்களுக்கு ஆறே மாசத்துல கை நரம்பெல்லாம் கயிறாட்டம் ஆகிடுது. எச்ஐவின்னு பேச்செடுத்தா காது கொடுக்க மாட்டான், கை வீங்கினதைக் காட்டச் சொல்லுங்க, உடனே காட்டுவான். ஊசியில எடுக்கிறதை விட வாயில எடுக்கிறது ஆபத்து குறைவுன்னு ஒளிவில்லாம சொல்லிடுங்க. போன மூணு மாசத்துல ஒரு தடவை ஊசியில போட்டிருந்தாலும் நம்ம லிஸ்டுக்குள்ள வருவான், சரக்கு என்னன்னு பாக்க வேண்டாம்.

பெரியவங்க கூட்டிட்டுப் போற ஸ்பாட்டுக்கு இவங்க வர மாட்டாங்க. அதே வயசுல, அதே செட்டுல ஒருத்தனை பியரா எடுக்கணும். நாப்பது வயசுக்காரர் அறிவுரை சொன்னா அது வீட்டுல அப்பா பேசுற மாதிரிதான்.

வழக்கு_நாள்:

போலீஸ் கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை.

எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10. அதன் 22ஆம் பிரிவுதான் உங்கள் கவசம். தொற்று அபாயத்தைக் குறைக்கும் வேலையைத் தடுக்கவோ குற்றமாக்கவோ கூடாது என்கிறது. பிரிவோடு கொடுத்துள்ள விளக்க உதாரணங்களில் ஒன்று உங்கள் வேலையேதான்: பதிவு பெற்ற ஊசி மாற்றுத் திட்டத்தில் இருப்பவர் சுத்தமான ஊசியைக் கொடுத்துப் பயன்படுத்திய ஊசியை வாங்கினால், கொடுத்தவரும் குற்றவாளியில்லை, வாங்கியவரும் குற்றவாளியில்லை. அந்தப் பக்கத்தைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, அடையாள அட்டையோடு பையில் வையுங்கள். ப்ராஜெக்ட் அனுமதிக் கடித நகலும் உடன் இருக்கட்டும்.

இந்தக் கவசம் எதுவரை என்பதும் தெரிய வேண்டும். தொற்றைத் தடுக்கும் வேலைக்கு மட்டுமே அது, சரக்குக்கு இல்லை. போதைப்பொருள் வைத்திருப்பது, எடுப்பது இரண்டும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இன்னமும் குற்றம். எடுத்ததற்கு 27ஆம் பிரிவில் பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை. சிகிச்சைக்குத் தானாக முன்வருபவருக்கு 64ஏ பிரிவில் விலக்கு உண்டு, சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்குப் போய்விடும். இதை உங்கள் ஆட்களுக்கு முழுதாகச் சொல்லுங்கள். "எங்கள் கார்டு இருந்தால் போலீஸ் தொடாது" என்று எந்தப் பியரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

தெருவில் நின்று பிரிவைச் சொல்லி வாதாடுவது உதவாது. இன்ஸ்பெக்டரை மட்டும் பார்த்து டீ குடித்துவிட்டு வந்தால் அவர் மாற்றலாகிப் போனதும் எல்லாம் முதலிலிருந்து. நிறுத்திக் கேட்கப் போவது பீட் கான்ஸ்டபிள், அவரிடம் பேசியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டேஷனில் காலை ரோல்கால் நேரத்தில் பத்து நிமிடம் கேளுங்கள். சோதனை போடும்போது பாக்கெட்டில் கை விட்டு ஊசி குத்திக்கொள்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் கை பத்திரமாக இருப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தால் காது கொடுப்பார்கள், பிஇபி எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுங்கள். யார் எங்கே விற்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டால் மறுநாள் ஸ்பாட் காலி, உங்கள் பியருக்கு அடியும் விழும். அது எங்கள் வேலை இல்லை சார் என்பதோடு நிறுத்துங்கள்.

இரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. அதே சட்டத்தில் சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது, முடிவை வெளியே சொல்லக் கூடாது. மனைவியிடம் நீங்கள் போய்ச் சொல்லக் கூடாது. மருத்துவரும் ஆலோசகரும் மட்டும், அதுவும் 9ஆம் பிரிவின் நிபந்தனைகளுக்கு உட்பட்டுச் சொல்லலாம்: அவரையே சொல்ல வைக்க முயன்று, அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியாகி, தாங்கள் சொல்லப் போவதை அவருக்குத் தெரிவித்த பிறகு. ஓஆர்டபிள்யூவுக்கு அந்த அதிகாரம் இல்லை. ஸ்பாட் பெயர், ஆள் பெயர், ரிசல்ட் மூன்றும் ஒரே நோட்டில் இருந்தால் அந்த நோட்டு தொலைகிற அன்று மூன்றும் சேர்ந்தே வெளியே போகும். ப்ராஜெக்ட் ஒவ்வொருவருக்கும் தரும் யுஐடி எண்ணை (ஆதார் இல்லை) மட்டும் களத்தில் வையுங்கள்.

ஓஎஸ்டி_கவுண்டர்:

ஊசியைப் பத்தி நிறையப் பேசியாச்சு. ஊசியோட தேவையையே குறைக்கிறது ஓஎஸ்டிதான். எச்ஐவி தொத்துற வாய்ப்பை ஏறத்தாழ பாதியாக் குறைக்குதுன்னு பல நாட்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல தெரிஞ்சிருக்கு. ஊசியும் ஓஎஸ்டியும் சேந்து கிடைச்சா இன்னும் நல்லா வேலை செய்யும். ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னு கேக்கிறது வீண் சண்டை.

களத்துல இருக்கிற உங்களுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம்: ஆளைச் சரக்கு போட்ட கையோட கூட்டிட்டு வந்துடாதீங்க. ஓஎஸ்டியில கொடுக்கிற ப்யூப்ரெனார்ஃபின், ஹெராயின் மாதிரி மத்த ஓபியாய்டு மூளையில உக்காந்திருக்கிற ரிசப்டர்ல இருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உக்காந்துக்கும், ஆனா அது கொடுக்கிற விளைவு குறைவு. அதனால அரை மணி நேரத்துல கடுமையான வித்ட்ராயல், அதாவது போதை இறங்குற அவஸ்தை. அந்த ஆள் திரும்பி வரமாட்டார். போறதோட நிக்காம "அங்க விஷம் கொடுக்கிறாங்க"ன்னு ஸ்பாட் முழுக்கச் சொல்லிடுவார். பிரவுன் சுகர் போடுறவர்னா கடைசி ஊசிக்கும் முதல் டோஸுக்கும் எட்டு மணி நேரமாவது இடைவெளி வேணும், கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்செறிதல் கண்ணுக்குத் தெரியணும். ராத்திரியோட நிறுத்திட்டுக் காலையில வரச் சொல்லுங்க. அந்த ராத்திரியில பியர் கூட இருந்தா பாதி வேலை முடிஞ்சது. முதல் டோஸ் 2லிருந்து 4 மி.கி., ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுப் பாப்போம், மறுநாள் ஏத்துவோம்.

மாத்திரையை நொறுக்கி நாக்குக்கு அடியில போட்டு, கரையுற வரைக்கும் எங்க முன்னாடியே உக்காரச் சொல்றோம், வாயைத் திறந்து பாக்கிறோம். இதை அவமானமா நினைச்சு நிக்கிறவங்க உண்டு. மாத்திரை வெளிய போனா அதுவும் ஊசியில ஏறும்னு முதல் நாளே சொல்லிட்டீங்கன்னா எரிச்சல் குறையும். மையம் பத்து மணிக்குத்தான் திறக்கும்னா லோடு தூக்கிற ஆளு அன்னிக்குக் கூலியை விடணும். உங்க ஏரியாவுல எத்தனை பேர் அப்படின்னு எண்ணிக் கொடுங்க, நேரத்தை மாத்தக் கேக்கிறதுக்கு அந்த எண்ணிக்கைதான் உதவும்.

ஓவர்டோஸ் பத்தி யாரும் எழுதலை. ஜெயில்ல இருந்தோ மறுவாழ்வு மையத்துல இருந்தோ வெளிய வந்த முதல் ரெண்டு வாரம்தான் பயம். உடம்பு பழைய தாங்குதிறனை இழந்திருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். யார் என்னிக்கு வெளிய வர்றாங்கன்னு லிஸ்ட் வச்சுக்குங்க, முதல் நாளே பாருங்க. சாராயத்தோடயும் நைட்ராசெபாம், டயஸெபாம் மாதிரி தூக்க மாத்திரையோடயும் சேத்து எடுக்கிறவங்களுக்கும் இதே ஆபத்து.

உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவு, குறட்டை மாதிரி கரகரன்னு மூச்சு, தட்டினாலும் நெஞ்செலும்பை விரல் முட்டியால அழுத்தித் தேச்சாலும் முழிக்கல. உடனே 108. தண்ணியை முகத்துல ஊத்துறது, உப்புத் தண்ணியை ஊசியில ஏத்துறது, பால் ஊத்துறது எதுவும் வேணாம். தலையைப் பின்னால சாய்ச்சு, மூக்கைப் பிடிச்சு, அஞ்சு வினாடிக்கு ஒண்ணுன்னு வாயோட வாய் வச்சு ஊதுங்க. ஓபியாய்டை முறிக்கிற நலாக்சோன் 0.4 மி.கி. ஆம்பூல் ட்ராப் இன் சென்டர்ல நர்ஸ்கிட்ட இருக்கணும், தொடைச் சதையில போடணும், மூணு நிமிஷத்துல மூச்சு திரும்பலைன்னா இன்னொண்ணு. முழிச்சதும் எந்திரிச்சு ஓடப் பாப்பார், ஏன்னா வித்ட்ராயல் தாக்கும். விடாதீங்க. நலாக்சோன் முப்பதிலிருந்து தொண்ணூறு நிமிஷம்தான் தாங்கும், உள்ள இருக்கிற சரக்கு அதை விட நேரம் இருந்தா ஆள் திரும்பவும் சாய்வார். தூக்க மாத்திரையை நலாக்சோன் முறிக்காது, அப்ப மூச்சு ஊதறதுதான் கைகொடுக்கும். சுயநினைவு இல்லாம மூச்சு மட்டும் ஒழுங்கா இருக்கிறவரை மல்லாக்கப் போடாம ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாந்தி உள்ள போகாம இருக்கும்.

களம்_புதுசு:

நாளைக்கு 40 பேரையும் திரும்பக் கணக்கெடுக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம்: மூணு வேளைக்காரருக்கு 21க்கு மேல கொடுக்கப் போறோம், அவர் அதை வித்துட்டா?

பழைய_ரூட்:

வித்தா விக்கட்டும். காசு கொடுத்து வாங்குறவன் அதைக் குத்திக்கத்தான் வாங்குறான், புது ஊசியில குத்திக்குவான். ஆனா விக்கிற அளவுக்கு ஸ்பாட்ல தட்டுப்பாடு இருக்குன்னா வாங்குறது யாருன்னு பாருங்க. நம்ம லிஸ்டுல இல்லாத ஆளா இருக்கும், இல்லைன்னா நம்ம ரவுண்டு முடிஞ்சதுக்கப்புறம் ராத்திரி வர்ற ஆளா இருக்கும். ராத்திரி ஆளுன்னா டீக்கடை ஸ்டாக்கை ஏத்துங்க. இண்டென்ட் 440லயே நிக்க வேண்டாம், இந்தக் கணக்கெடுப்பு ஷீட்டையே சேத்து அனுப்பி அடுத்த மாசத்துக்குக் கூட்டிக் கேளுங்க. அவங்க கேக்கிறது ஆதாரம்தான்.